மேடிசன் பீர் விழா வரிசைக்கு வரும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

மேடிசன், மில்வாக்கி, சிகாகோ என்று சிதறிக் கிடந்தாலும் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனின் ஓலின் பூங்காவில், பீர் விழாவுக்கு ஒன்றாகச் சேர்ந்துவிடும் நம் கூட்டத்துக்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் மீம்களுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் வரிசையில் ஒருவரை நிறுத்திவிட்டு விடிந்ததும் ஏழு பேராக நுழைகிற வேலையை விட்டுவிடுவோம். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்த ஏழு பேரில் நானும் ஒருவன், அதுதான் தகுதி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் விவரம். கிரேட் டேஸ்ட் ஆஃப் த மிட்வெஸ்ட் என்கிற இந்த விழா 1987இல் தொடங்கியது. நடத்துவது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. வீட்டில் பீர் காய்ச்சிப் பழகியவர்களின் உள்ளூர்ச் சங்கம். வேலை செய்கிறவர்கள் தன்னார்வலர்கள். மிட்வெஸ்ட் என்கிற அமெரிக்காவின் வடமத்திய மாநிலங்களின் சிறு பீர் ஆலைகள் மட்டும்தான் வரும். கடையில் கிடைக்காத, பாட்டிலில் அடைக்கவே அடைக்காத சரக்கையெல்லாம் பீப்பாயோடு கொண்டுவந்து இறக்குவார்கள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பை, கழுத்தில் பிரெட்ஸெல் என்கிற முறுக்கு மாதிரித் தின்பண்டம் கோத்த மாலை, எதிரே மொனோனா ஏரி, அதற்கு அப்பால் சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடம். ஒரு மதியம் முழுக்க அப்படிச் சுற்றலாம். ஆனால் டிக்கெட் சுமார் 6,000தான். வேண்டும் என்கிறவர்கள் அதைவிட மிக அதிகம்.

டிக்கெட்டுக்கு நாம் பழகிய வழி இரண்டு. ஒன்று தபால் குலுக்கல்: நம் முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறையைப் பணத்தோடு அனுப்பிவிட்டுச் சாமியைக் கும்பிட வேண்டியதுதான். இன்னொன்று மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் சில கடைகளில் நடக்கும் நேரடி விற்பனை. ஒவ்வொரு கடைக்கும் இத்தனை என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். அதனால் முதல் நாள் சாயங்காலமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஊரில் இருக்கிற என் அண்ணனிடம் இதைப் போனில் சொன்னபோது, "டாஸ்மாக்கில்கூட இவ்வளவு நேரம் ஆகாதேடா" என்றான்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது உங்களில் ஆறு பேருக்கு நினைவிருக்கும். நம்மில் ஒருவன் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கே போய்விட்டான். அவனுக்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர். மே மாதம் என்று பெயர்தான். இரவு ஏற ஏற மூச்சு புகையாக வரும் ஊர் இது. நம் ஆள் மெல்லிய ஜாக்கெட்டோடு போயிருந்தான். பெரியவர் தன் காரிலிருந்து ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றித் தந்திருக்கிறார். நியூ கிளாரஸ் ஆலையின் பீர் விஸ்கான்சினைத் தாண்டி விற்பனைக்குப் போகாது என்பதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று விடிய விடியக் கேட்டிருக்கிறான்.

காலை ஆறரைக்கு நாம் மீதி ஆறு பேர் இரண்டு காரில் போய் இறங்கினோம். கையில் இட்லிப் பொட்டலம், குளித்த உடம்பு, துவைத்த சட்டை. நேராக அவன் பக்கத்தில் போய் நின்றோம். பெரியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லோரும் ஒன்றாகவா?" என்று மட்டும் கேட்டார். நான்தான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஒரு இட்லியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரப் பெண் வெளியே வந்து விரலால் தலை எண்ணிக்கொண்டே போனார். பெரியவரைத் தாண்டினார், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டினார், அப்புறம் கையைக் குறுக்கே நீட்டி, "இதுவரைக்கும்தான் இருக்கிறது" என்றார். அந்தக் கைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் ஜோடி. பச்சைக் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு யாரிடமும் என்றில்லாமல், "அவர்கள் பத்து மணிக்கே வந்தார்கள்" என்றார். இரவு பத்து மணி. நாம் அப்போது நம் அபார்ட்மெண்டில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தோம்.

அந்த ஆகஸ்டில் விழாவுக்குப் போனேன். போகாமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பீரும் நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். எல்லோரும்தான் செய்கிறார்கள் என்பீர்கள். செய்கிறார்கள்தான், தள்ளி நின்ற ஒரு கும்பல் நான்கு பேராக இருந்து ஒன்பது பேரானதை நானும் பார்த்தேன். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தும், ரேஷன் கடை வரிசையில் பையையும் செங்கல்லையும் வைத்துவிட்டுப் போயும் வளர்ந்தவர்கள் நாம் என்றும் ஒருவர் சொல்வார். ஆனால் அந்தச் செங்கல்லுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு செங்கல்லுக்கு ஒரு கார்டுதான். ஒரு கல்லை வைத்துவிட்டு ஏழு கார்டோடு வந்திருந்தால் என் அம்மா சும்மா விட்டிருப்பாளா?

கைக்குழந்தை இருக்கிறது, ராத்திரி முழுக்க நிற்க முடியாது என்கிறவர்கள் பேச்சு வேறு. அவர்களுக்குக் குலுக்கல் இருக்கிறது. இல்லையென்றால் முறை வைத்து நிற்கலாம்: நள்ளிரவு வரை நீங்கள், அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். ஒருவர் வந்ததும் மற்றவர் கிளம்பிவிட வேண்டும். கழிப்பறைக்கோ காபி வாங்கவோ போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரே நாற்காலியைப் பார்த்துக்கொள்வார். இடம் கை மாறலாம், குட்டி போடக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

இன்னொன்று. உண்மையில் நான் இழந்தது அந்த இரவை. போர்வை கொடுத்த கதையை நம் ஆள் இன்றைக்கும் சொல்கிறான். நாமோ காலையில் போய் டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த முறை நேரடி விற்பனை என்று அறிவிப்பு வந்ததும் நான் முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவேன். ஒரு நாற்காலி, ஒரு ஸ்லீப்பிங் பேக், பெரிய ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி. கூட வருகிறவர்கள் அந்த நேரத்துக்கே வாருங்கள், காபி எல்லோருக்கும் உண்டு. விடிந்த பிறகு வந்து என்னைப் பார்த்துக் கையசைத்தால் நானும் கையசைப்பேன், வரிசையின் கடைசிப் பக்கமாக.

அன்புடன்,
உங்களில் ஏழாவது ஆள்