ராஜிக்கு, பிளானிங் கமிஷனிலிருந்து

அன்புள்ள ராஜி,

உன் மெசேஜ் பார்த்தேன். முட்டி வலி குறைந்ததில் சந்தோஷம். வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். மாப்பிள்ளை பார்க்கிற சமாச்சாரத்தைப் போனில் பேசிக்கொள்ளலாம். இது வேறு விஷயம். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் நகர சபையில் போன வாரம் ஒரு யோசனை வந்திருக்கிறது. பூங்கா கமிஷன், மரங்களுக்கான கமிஷன், நூலகக் குழு மூன்றையும் கலைத்து ஒன்றாக்கிவிடலாமாம். உட்கார ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அஜெண்டா, அறிக்கை, மினிட்ஸ் என்று ஊழியர்களின் நேரம் போகிறது என்கிறார்கள். இரண்டுமே உண்மை. கலிஃபோர்னியாவில் இது புதிதும் இல்லை, பெர்க்லியில் முப்பதுக்கும் மேல் இருந்த கமிஷன்களில் பலவற்றை இணைத்துக் குறைத்துவிட்டார்கள். காரணம் நியாயமாக இருப்பதால்தான் எனக்குக் கவலை. நியாயமான காரணம் சொல்லி மூடியதை யாரும் மறுபடி திறப்பதில்லை.

"அந்தக் கமிஷனில் என்னதான் செய்கிறாய், சம்பளம் உண்டா?" என்று போன தடவை கேட்டாய். சம்பளம் கிடையாது. பிளானிங் கமிஷன் என்றால் ஊரில் கட்டடம், நில உபயோகம் பற்றி வரும் மனுக்களை விசாரிக்கிற குழு. நகர சபை நியமிக்கிற ஐந்து இடங்கள், எல்லோரும் ஊர்க்காரர்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம். என்ன பேசப் போகிறோம் என்பதை 72 மணி நேரம் முன்னாலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட வேண்டும். அதில் இல்லாததைப் பற்றித் தீர்மானம் போட முடியாது. பிரௌன் சட்டம் என்று பெயர், 1953இல் வந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் தனியாகக் கூடி ஊர் விஷயம் பேசினால் சட்ட மீறல். இருவர் பேசி, அதில் ஒருவர் மூன்றாமவரிடம் ஈமெயிலில் சொன்னாலும் அதே கதைதான். ஹாஸ்டல் மெஸ் கமிட்டி முடிவையெல்லாம் மொட்டை மாடியில் வைத்தே முடித்துக்கொண்டு வந்த நீ இங்கே ஒரு மாதம் தாங்கமாட்டாய்!

சொத்து, வருமானம் எல்லாவற்றையும் படிவம் 700இல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், யார் கேட்டாலும் காட்டுவார்கள். என் வீட்டிலிருந்து 500 அடிக்குள் ஒரு கட்டடத்துக்கு மனு வந்தால், காரணத்தைச் சொல்லிவிட்டு அறையை விட்டே வெளியே போக வேண்டும். முதலில் இதெல்லாம் கெடுபிடியாகத் தெரிந்தது. இப்போது மரியாதையாகத் தெரிகிறது.

ஒரு உதாரணம் சொன்னால் உனக்குப் புரியும். ஒரு சர்ச் கட்டடத்தில் மழலையர் பள்ளி நடத்த அனுமதி கேட்டு மனு வந்தது. திட்டப் பிரிவு அதிகாரிகளின் அறிக்கை கச்சிதமாக இருந்தது. எத்தனை கார் வரும், எங்கே நிறுத்துவார்கள், எல்லாம் கணக்கோடு. அனுமதி தரலாம் என்று பரிந்துரை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து மைக்குக்கு வந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். அவர் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. மழை பெய்தால் அந்த முனையில் தண்ணீர் தேங்கும், நடந்து போகிறவர்கள் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்குவார்கள், அதே நேரத்தில்தான் நீங்கள் சொல்லும் கார்கள் திரும்பும் என்றார். அவ்வளவுதான். பொறியாளர் குறித்துக்கொண்டார். பள்ளிக்கு அனுமதி கொடுத்தோம், ஆனால் குழந்தைகளை இறக்கிவிடும் இடத்தைப் பின்பக்கச் சந்துக்கு மாற்ற வேண்டும் என்று நிபந்தனையோடு. அதிகாரிகள் மேல் குறை இல்லை. அவர்கள் அந்த முனையைப் பார்த்தது வெயில் நாளில்.

இந்த மாதிரி விஷயங்களை நகர சபையே நேராக எடுத்துக்கொள்ளலாமே என்றும் இப்போது பேச்சு. ராஜி, சபை உறுப்பினர்களுக்கும் வேறு வேலை உண்டு. 35,000 பேர் வரை உள்ள ஊர்களில் அவர்களுக்கு மாதம் 300 டாலர்தான் சட்டத்தில் இருந்தது, 2024இலிருந்துதான் 950 வரை உயர்த்திக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அன்றாட நிர்வாகம் நகர மேலாளர் கையில். பட்ஜெட், போலீஸ், சாக்கடை, வழக்கு என்று அஜெண்டா நீண்டுகொண்டே போகும். பிரச்சினை இல்லாத விஷயங்களை மொத்தமாகக் கட்டி ஒரே ஓட்டில் நிறைவேற்றிவிடுவார்கள். அந்தக் கட்டுக்குள் ஒரு தெருமுனைத் தண்ணீர் இருந்தால் யாருக்குத் தெரியும்? கமிஷன் பெரும்பாலும் ஆலோசனைதான் சொல்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் முடிவின் மேலும் சபைக்கு அப்பீல் போகலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை நேரம் எடுத்துக் கேட்கிற இடம் அது ஒன்றுதான். பிளானிங் கமிஷனையாவது சட்டம் காப்பாற்றுகிறது, நில உபயோக விதியை மாற்ற வேண்டுமானால் எங்கள் விசாரணை நடந்தாக வேண்டும். மரத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

ஆள் கிடைக்காத விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம். எந்தப் பதவிக் காலம் அடுத்த வருடம் முடிகிறது என்ற பட்டியலை டிசம்பர் 31க்குள் வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம்மவர்கள் எத்தனையோ பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். தன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடி எழும்பினால் குடும்பத்தோடு வருகிறார்கள். கமிஷனில் சேர மனு போடு என்றால் "எங்கே நேரம்?" என்கிறார்கள். எங்கள் ஐந்தில் இப்போது இரண்டு இடம் காலி. போன மாதம் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, கூட்டம் நடத்தக் குறைந்தது வேண்டிய மூன்று பேர் (கோரம்) இல்லாமல் கூட்டமே ரத்து. கட்டட அனுமதிக்கு மனுப் போட்டவர்கள் இன்னொரு மாதம் காத்திருந்தார்கள்.

நிஜமாகவே நேரம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள், அதுதான் என்னை உறுத்துகிறது. இரவு ஷிஃப்ட் போகிறவர்கள், வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் பேசக் கூச்சப்படுகிறவர்கள். கமிஷன்களில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சொந்த வீடும் ஓய்வு நேரமும் உள்ள எங்களைப் போன்றவர்கள்தான். மொழிபெயர்ப்பாளரும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். மூடுவதற்கு முன்னால் அதையாவது செய்து பார்க்கட்டும்.

சரி, உன் கதை என்ன? 2022 நவம்பர் 1 அன்று உங்கள் ஊரில் வார்டு மக்களே கூடிப் பேசும் பகுதி சபை முதல் தடவை கூடியபோது ஃபோட்டோ ஃபோட்டோவாக அனுப்பினாயே. அப்புறம் உன்னை வார்டு குழுவில் போட்டார்கள் என்று தெரியும். 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருந்தால்தான் வார்டு குழு கட்டாயம் என்கிறது அரசியலமைப்பு. உங்கள் நகராட்சி அளவுக்கு அது இறங்கி வந்தது பெரிய விஷயம், விட்டுவிடாதே. கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா? தெருவிளக்கு பற்றி நீ கேட்டதற்கு எழுத்தில் பதில் வருகிறதா, இல்லை கவுன்சிலர் தலையாட்டுவதோடு சரியா? தீர்மானப் புத்தகத்தில் உன் கேள்வி ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பார். ரசத் தீர்மானம் போட்டு வார்டனிடம் கையெழுத்தே வாங்கிய ஆள் நீ, இதற்கா தயங்கப்போகிறாய்!

அடுத்த மாதம் சபையில் ஓட்டெடுப்பு. ஊர்க்காரியாக நானும் மூன்று நிமிடம் பேசப் போகிறேன். எழுதி வைத்தது ஐந்து நிமிடத்துக்கு வருகிறது. சனிக்கிழமை ராத்திரி, உனக்கு ஞாயிறு காலை, கூப்பிட்டுப் படித்துக் காட்டுகிறேன். எதை வெட்டலாம் என்று சொல். மாப்பிள்ளை விஷயம் அதற்கப்புறம்தான்.

உன்,
வசந்தா