"எந்த குரூப்?" என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பி பத்தாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான். கல்யாண வீட்டில் யாராவது "பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?" என்று கேட்டால் போதும், கை கழுவப் போய்விடுவான். பழைய பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டான். ஐ.டி.ஐ.யிலும் முதல் மாதம் தனிக்கட்டைதான். இவனுக்கு வயது 16. பக்கத்து வைஸில் (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பட்டறைக் கருவி) நிற்பவருக்கு 26, ஒரு குழந்தை வேறு! அந்த அண்ணன்தான் அரத்தை எப்படிப் பிடித்துத் தேய்ப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினாராம். இப்போது மதியச் சோறு இருவருக்கும் ஒரே டப்பாவில்.

நான் எழுத வந்தது வேறு. பத்தாவதுக்குப் பிறகு 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்துத் தேறியவர்கள், பிளஸ் டூ பொதுத்தேர்வில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் பெறலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டும் சேரலாம். இது தெரியாமல் "பையன் படிப்பு நின்னுபோச்சே" என்று அம்மா எத்தனை நாள் புலம்பினார்! பத்தாவது மதிப்பெண் பட்டியல் கொடுக்கும் அன்றே, பெற்றோரையும் வைத்துக்கொண்டு பள்ளியில் இதைச் சொன்னால் என்ன?

– ஒரு அக்கா, விருதுநகர்