தண்ணீர் வரும் நாளைச் சொல்ல ஒரு வானொலி: டெல்டா கூட்டுறவுச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

டெல்டா மாவட்டங்களின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை நடத்திவரும் பெருமக்களுக்கு, வணக்கம்.

உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் இணையவழிப் பொது வானொலி ஒன்றை, தனிக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவுசெய்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் சில உழவர்கள் கொடுத்த மனுவை உங்களில் பலர் அறிவீர்கள். "கடன் கொடுக்கிறதுதான் சங்கத்தோட வேலை, ரேடியோ நடத்துறது இல்ல" என்று அதற்குக் கிடைத்த பதிலையும் அறிவீர்கள். அந்தப் பதிலோடு அமைதியாகிவிட என்னால் முடியவில்லை. என் வயலுக்கு அடுத்த வயலில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

2024இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் கல்லணையைக் கடந்து, பாசனத்தின் கடைசிக் கோடியான கடைமடையில் இருக்கும் எங்கள் வாய்க்காலுக்கு எந்த நாள் வந்து சேரும், எத்தனை நாளுக்கு முறை வைத்து மாற்றி மாற்றி விடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்வதற்கு ஆளில்லை. அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது: "வியாழக்கிழமை நம்ம வாய்க்கால்ல தண்ணி வுடுறாங்க, வெதைக்கிறவங்க வெதைச்சுக்கலாம்." பக்கத்து வயல் அக்கா அதை நம்பி ஒன்றரை ஏக்கரில் நேரடி விதைப்பு செய்தார். இடையில் பெய்த ஒரு தூற்றலுக்கு விதை முளைத்தும்விட்டது. அந்த வியாழனும் அடுத்த வியாழனும் போயின, தண்ணீர் வரவில்லை. வெடித்துக் கிடந்த மண்ணில் விரல் உயரப் பயிர் நுனி கருகி நின்றதைத் தினமும் காலையில் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் பதிவு முந்தைய ஆண்டில் யாரோ பேசியது என்பது பிறகுதான் தெரிந்தது. மறுவிதைப்புக்காகக் காதுத் தோட்டைக் கழற்றி அவர் நகைக்கடன் வாங்கியதும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில்தான். விதைக்கக் கடன் கொடுக்கும் சங்கத்திற்கு, விதைக்கும் நாளைச் சொல்வது மட்டும் எப்படி அடுத்தவர் வேலையாகும்?

இதே டெல்டாவில் 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுக் கேட்டே ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பரவியது. அதற்கு 'ரேடியோ நெல்லு' என்றே நம் பெரியவர்கள் பேர் வைத்தார்கள். வானொலி சொன்னால் உழவர் நம்பிய காலம் அது. ஆனால் பல மாவட்டங்களுக்குப் பொதுவான ஒரு நிலையம் ஒவ்வொரு மதகுக்கும் முறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சமுதாய வானொலிகளோ அகில இந்திய வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்பலாமே தவிர, சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அந்தச் சொத்தில் எங்கள் வாய்க்காலின் பங்கு இன்னும் வந்து சேரவில்லை. இணையத்தில் ஒலிபரப்ப அலைவரிசை உரிமம் தேவையில்லை. செய்தி வெளியிடுவோருக்கான 2021ஆம் ஆண்டு விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, பிழை நேர்ந்தால் மறுநாளே திருத்தம் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

யூடியூப் சேனல்கள்தான் இருக்கின்றனவே என்று கேட்கிறீர்கள். இருக்கின்றன, அவற்றுக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருக்கிறார், தண்ணீர் வராததைச் சொல்லலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவுசெய்கிறார். நூறு ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர் குத்தகைக்காரருக்கும் ஆளுக்கு ஒரே வாக்கு என்பது கூட்டுறவில் மட்டுமே உண்டு. ஆகவேதான் இதைக் கூட்டுறவாகவே தொடங்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். 2018இல் கஜா புயலில் கைபேசிக் கோபுரங்களும் சாய்ந்ததை மறந்துவிட்டு இணையத்தை மட்டும் நம்பச் சொல்லவில்லை. அன்றாட ஒலிபரப்பைச் சங்கக் கட்டடத்தின் ஒலிபெருக்கியிலும் போடலாம். இணையம் விழுந்த நாளில் அதே ஒலிபெருக்கியை ஜெனரேட்டரில் ஓட்டி, கிடைத்த தகவலை வாசிக்கலாம்.

ரேடியோ உங்கள் வேலை இல்லை என்றால், ரேஷன் கடையும் உரக் கிடங்கும் பொதுச் சேவை மையமும் எப்படிச் சங்கத்தின் வேலையாயின? உறுப்பினருக்குத் தேவைப்பட்டது, சங்கம் செய்தது. இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் நம் தமிழ்நாட்டுத் திரூரில் பதிவானபோதும் உழவரின் தேவைதான் முதலில் வந்தது. இன்றோ பல பேரவைக் கூட்டங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, டீயும் வடையும் கொடுத்து அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. எழுந்து கேள்வி கேட்பவரிடம் உட்காரச் சொல்கிறார்கள். உறுப்பினரின் குரல் சங்கத்திற்குள்ளேயே கேட்காத நிலை எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் கேட்பது இவ்வளவே. அடுத்த பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலில் இணையவழிக் கூட்டுறவு வானொலியைச் சேருங்கள். 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் அதைத் தனிச் சங்கமாகப் பதிவுசெய்யத் துணை நின்று, உரிய ஒப்புதல் பெற்று உங்கள் சங்கத்தின் பெயரிலும் ஒரு பங்கு எடுங்கள். தீர்மான வரைவையும் முதல் மாத நிகழ்ச்சிப் பட்டியலையும் எழுதி வைத்திருக்கிறோம். எந்தச் சங்கம் அழைத்தாலும் நேரில் வந்து விளக்குகிறோம். மேட்டூர் அடுத்த முறை திறப்பதற்குள் அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடைச் சங்க உறுப்பினர் ஒருவர்