ஆறு இடத்தில் ஒரே பெயர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடி ஏறும் ஆசையை மட்டும் இப்போதைக்கு மூட்டை கட்டி வை.

நான் பாரிஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். குளிருக்குப் பயந்து கிடந்தவனைப் பேரன் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனான். கூட்டமெல்லாம் மோனாலிசா பக்கம் ஓட, நாங்கள் இஸ்லாமியக் கலைப் பிரிவுக்குப் போனோம். அங்கே ஒரு பித்தளைக் கொப்பரை: அரை மீட்டர் அகலம், ஒரு சாண் உயரம். ‘புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி’ என்கிறார்கள். ஆனால் அந்த லூயி, பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி, 1270-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இது எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்தது, 1320–1340 வாக்கில் என்பது பொதுவான கணிப்பு. 1606-இல், பின்னால் பிரெஞ்சு அரசரான பதின்மூன்றாம் லூயிக்கு ஞானஸ்நானம் நடந்தது இதில்தான்.

வேலையைச் சொல்கிறேன் கேள். உருவம் வரவேண்டிய இடத்தைப் பள்ளமாக வெட்டி, ஓரத்தை உட்பக்கமாகச் சரித்து, வெள்ளித் தகட்டை வைத்துத் தட்டியே பிடிக்கவைத்திருக்கிறார்கள். உருக்கி ஒட்டும் பற்றாசு கிடையாது. அப்புறம் அந்த வெள்ளி மேலேயே கண், தாடி, உடை மடிப்பு எல்லாம் கீறியிருக்கிறது. உள்ளே அடியில் மீன், ஆமை, நண்டு என்று ஒரே நெரிசல். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் எப்படி இருக்கும்!

நான் சொல்லவந்தது வேறு. மம்லூக் பாத்திரங்களில் சுல்தான் அல்லது அமீரின் (படைத்தலைவரின்) பட்டங்கள் கொட்டை எழுத்தில் சுற்றி ஓடுவது வழக்கம், நம் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருப்பதுபோல. இதில் அது இல்லவே இல்லை. யார் செய்யச் சொன்னார், யாருக்கு, ஒரு எழுத்து கிடையாது. இருப்பது செய்தவன் பெயர்தான்: முகம்மது இப்னு அல்-ஸைன். அதுவும் ஆறு இடத்தில்! ஒன்று விளிம்புக்குக் கீழே, பாவமன்னிப்பு வேண்டுதலோடு. மற்ற ஐந்தும் படத்துக்குள்ளேயே, கோப்பை, அரியணை போன்றவற்றின் மேல் பொடி எழுத்தில். ஓர் ஆள் ஏந்திவரும் கிண்ணமோ ‘நான் சாப்பாடு சுமக்கும் பாத்திரம்’ என்று தானே பேசுகிறது. பணிவும் குறும்பும் திமிரும் கலந்த ஆசாமி!

பிற்பாடு உள்ளே பிரெஞ்சு அரசச் சின்னம் பொறித்த வெள்ளித் தகடுகளை வேறு பதித்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தன் பெயரே இல்லாத பாத்திரத்தை வாங்கிப் பேசாமல் வைத்துக்கொண்ட அந்த முதல் சொந்தக்காரன் எவ்வளவோ தேவலை.

பேரன் எடுத்த படங்களை அனுப்புகிறேன். பெரிதாக்கிப் பார், அரியணையில் இருக்கும் கையெழுத்தை முதலில் தேடு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்