கவுண்டர் வேண்டாம், மேசை போடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டு பிளான் வந்து சேர்ந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். நான் டேப்பும் ஸ்கேலுமாக உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கம் வரும், காற்று எப்படிப் போகும் என்றெல்லாம் நீயே யோசித்துப் போட்டிருக்கிறாய் என்பது பார்த்தாலே தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதை எடுத்துக் காட்டுகிறாள். நானும் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசை எங்கே? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. சமையலறையும் கூடமும் ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் ஒரு கவுண்டர், அதற்கு நான்கு ஸ்டூல். இப்போது நீங்கள் இருக்கிற வீட்டில் உள்ள மாதிரியேதான். போன வாரம் போனில் கேட்டதற்கு "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கொஞ்ச நாளாகவே உன் பேச்சு அப்படிச் சுருங்கிவிட்டது. வேலை அதிகமாக இருக்கும்.

கவுண்டர் வழக்கமாக 36 அங்குலம், உயர்த்திப் போட்டால் 42. 42க்கு ஸ்டூல் 30 அங்குலமாவது வேண்டும். சாதாரண மேசையே 30 அங்குலம்தான், அதற்கு நாற்காலி 18. அந்த உயரத்தில்தான் பாதம் தரையில் படும், பாதம் பட்டால்தான் எழுந்திருக்க முடியும். அம்மா எழுந்திருப்பதைக் கவனித்துப் பார். உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து வருவாள், பாதத்தைப் பின்னுக்கு இழுப்பாள், இரண்டு உள்ளங்கையையும் மேசையில் ஊன்றி, தலையை முன்னால் சாய்த்து, அப்புறம்தான் எழுவாள். ஸ்டூலில் இதில் ஒன்றுகூட முடியாது. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? நாலு வாய் போட்டுக்கொண்டு இறங்கிவிடத்தான் தோன்றும். எங்களுக்காகச் சொல்லவில்லை. நாங்கள் வருவது எப்போதோ ஒரு தடவை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நாளைக்கு முழங்கால் வலி வராதா?

வயதானவர்கள் கொறிக்கிறார்களே, பசியில்லையா என்று நீ கேட்பாய். மூக்கு மங்கிவிடுகிறது, அதனால் ருசி பாதி தெரிவதில்லை. தண்ணீர் தேவைப்படும்போதுகூடத் தாகம் எடுப்பதில்லை. ஆனால் தசை 30 வயதுக்கு மேலேயே மெல்லக் கரைய ஆரம்பித்துவிடுகிறது. முதுமையில் புரதம் முன்னைவிடக் கூடுதலாக வேண்டும். வயிறு கேட்காத காலத்தில்தான் உடம்புக்கு நன்றாகச் சாப்பாடு தேவை. தனியாகச் சாப்பிடுகிறவரைவிட நாலு பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுகிறவருக்கு ஒரு பிடி கூடுதலாக இறங்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப மேசை போடு என்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

போன தடவை வந்தபோது, கிளம்புவதற்கு முந்தின நாள் இரவுச் சாப்பாடு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நீ எதிரே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். நாங்கள் மூன்று பேரும் ஒரே வரிசையில் கவுண்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை என்னிடம் ஏதோ கேட்டார். நான் "ம், பார்க்கலாம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நீயும் அதற்கப்புறம் பேசவில்லை. அப்பாவுக்கு என்னவோ கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் ஒன்றும் இல்லையம்மா. எனக்குக் காது கேட்கவில்லை. அவர் என்ன கேட்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சொல்ல வெட்கமாக இருந்தது. உன் கல்யாணத்துக்கு முன்னால் மாடியில் நீ தோழியோடு முணுமுணுப்பது கீழே எனக்குக் கேட்கும். இப்போது பக்கத்து ஸ்டூலில் இருந்து பேசுவது கேட்கவில்லை. வயதானால் காது மொத்தமாக அடைத்துக்கொள்வதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகின்றன. உயிரெழுத்துகள் காதில் விழும்; ஸ, த, க மாதிரியானவை நழுவிவிடும். ஒருவர் பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் சேர்ந்தால் சுத்தமாகப் போச்சு. எதிரே முகம் தெரிந்தால் உதட்டைப் பார்த்தாவது பாதியைப் பிடித்துக்கொள்வேன். வரிசையில் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் காதைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம், நீ கவலைப்படாதே.

அதனால் வட்ட மேசையாகப் போட்டால் நல்லது, எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும். சமையலறைக்கும் மேசைக்கும் நடுவில் முழுச்சுவர் வேண்டாம் என்றால் மூடித் திறக்கிற ஒரு கதவாவது வை. ஜன்னலுக்குக் கனமான திரை போடு, எதிரொலி குறையும். மேசைக்கு மேலே நல்ல விளக்கு வேண்டும். 20 வயதுக் கண்ணின் உள்ளே போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குக் கிடைக்கிறது. உனக்குப் போதும் என்று தோன்றுகிற விளக்கு அம்மாவுக்கு அந்திநேரம் மாதிரி இருக்கும்.

கீழ்த்தளத்தில் ஒரு அறையை அலுவலக அறை என்று குறித்திருக்கிறாய். இருக்கட்டும். அதையொட்டிக் குளிக்கிற மாதிரி ஒரு பாத்ரூம் மட்டும் வைத்துவிடு. கதவு திறந்தபின் 32 அங்குலமாவது வழி கிடைக்க வேண்டும். யாருக்காவது கால் அடிபட்டு, சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் நுழையும். உள்ளே அது திரும்ப ஐந்து அடி வேண்டும். இப்போது பிளானில் கோடு ஒன்றை நகர்த்துவது சுலபம், கட்டிய பிறகு இடிக்க வேண்டும். அம்மா படியேறுவது எப்படி இருக்கிறது என்று நீயே அவளிடம் கேள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. அன்றைக்கு அவர் கேட்டதை இரண்டு வரியில் எழுதி அனுப்பச் சொல். ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது. மேசை விஷயத்தை மறந்துவிடாதே.