மொய் நோட்டை மூட வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது, அதுவும் ஒரு காரணம். "நாம யாருக்கெல்லாம் எவ்வளவு தரணும்னு ஒரு லிஸ்ட் போடும்மா, ஒரே நாளில் எல்லாருக்கும் ஜீபேயில் அனுப்பிட்டு அந்த மொய் நோட்டை மூடிடலாம்" என்றாய். அப்பா போன பிறகு ஆடியிலும் ஆவணியிலும் மொய் விருந்துகளுக்காக நான் ஒருத்தியாகப் பேராவூரணிக்கும் கீரமங்கலத்துக்கும் பஸ் ஏறி அலைகிறேன் என்ற கவலையில்தான் சொன்னாய், தெரியும். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

லிஸ்ட் போட்டுவிட்டேன். நாம் திருப்பிச் செய்ய வேண்டியது நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், நமக்கு வர வேண்டியது ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிங்கப்பூரில் நீ வாங்கும் சம்பளத்துக்கு இது அடைக்க முடியாத தொகை இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

2013 ஆடியில் நாம் வைத்த மொய் விருந்துதான் உன் காலேஜ் பீஸ். கல்விக் கடனுக்காக அப்பா ஒரு வங்கிக்கு நாலு மாதம் நடந்தார், போகும்போதெல்லாம் ஏதோ ஒரு காகிதம் குறைந்தது. அப்புறம் பத்திரிகை அடித்து, ஏழு வீட்டோடு சேர்ந்து பந்தல் போட்டு, ஆறு கிடா வெட்டி விருந்து வைத்தோம். வந்தவர்கள் கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காயும் முன் எழுதுகிற மேஜைக்கு வந்து, பேரையும் ஊரையும் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அண்டாவைக் கவிழ்த்து எண்ணினால் நம் பங்குக்கு ஆறு லட்சத்துச் சொச்சம். உனக்கு அப்போது பதினெட்டு வயது, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், எண்ணக்கூட வரவில்லை.

ஒருவர் நமக்கு ஆயிரம் எழுதியிருந்தால், அவர் விருந்தில் அந்த ஆயிரத்தோடு மேலே ஐந்நூறோ ஆயிரமோ புதிதாகப் போட வேண்டும். பழைய மொய் தீரும், புது மொய் ஆரம்பிக்கும். சரியாக ஆயிரம் மட்டும் வைத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், சாப்பாடும் போடுவார்கள், ஆனால் இனிமேல் உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை என்று நாம் சொல்லிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நீ சொல்வதுபோல விருந்தே இல்லாமல், கூப்பிடாமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நூற்றுப் பதினாறு பேர் போனிலும் பணம் போய் விழுந்தால் என்ன ஆகும், யோசித்துப் பார்.

பணிக்காலத்தில் நாலாம் வகுப்புக்கு ரூபாய் நோட்டைக் காட்டித்தான் நான் கணக்கு நடத்துவேன். பின்பக்கத்துக் கட்டத்தில் 15 மொழியில் தொகை இருக்கும், தமிழ் 13ஆவது வரி. அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். முன்பக்கத்தில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டு, கொண்டுவருகிறவருக்கு இத்தனை ரூபாய் தருவதாக வாக்குக் கொடுத்திருப்பார். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் அந்த வாக்கு கிடையாது. அது அரசாங்கமே வெளியிடுவது, நிதித்துறைச் செயலர் கையெழுத்து. ஆக, ஐந்நூறு ரூபாய் என்பதே யாரோ கொடுத்த சொல்தான், அதை நாம் நம்புகிறோம். அந்தச் சொல்லும் 2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு மாறியதை நீயும் பார்த்தாயே. அன்றைக்கே உன் அப்பத்தாவிடம், "அத்தை, எங்கயாவது சிறுவாடு சேர்த்து வச்சிருந்தா குடுங்க, மாத்திட்டு வரச் சொல்றேன்" என்றேன். "என்கிட்ட ஏதுடி காசு" என்றார். 2019ல் அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது சேலை மடிப்புக்குள் ஒன்பது பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு. கீற்று முடைந்த காசு. எத்தனை ஆயிரம் கீற்றோ. பத்து நோட்டுக்கு மேல் வைத்திருந்தால் தப்பு என்று 2017லேயே சட்டம் வந்துவிட்டது, ஒன்பதுதான் என்பதால் அப்படியே வைத்திருக்கிறேன்.

ஏன் ஒளித்தார் என்று கோபம்தான் முதலில் வந்தது. பிறகு மொய் நோட்டைப் புரட்டும்போது கவனித்தேன், நாற்பது வருஷக் கணக்கில் அவர் பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. விருந்துக்கு அரிசி புடைத்தது அவர், பாத்திரம் கழுவியது அவர், எழுத்து முழுக்க ஆம்பிளைகள் பேரில். அவருக்கென்று இருந்தது அந்தச் சேலை மடிப்பு மட்டும்தான். போன ஆடியில் முதல் தடவையாக நான் தனியாகப் போய் நின்றபோது, கம்ப்யூட்டரில் பில் போடுகிற பையன் "யார் பேருங்க?" என்றான். அப்பா பேரைச் சொல்ல வாய் வந்தது, உன் பேரும் வந்தது. என் பேரைச் சொன்னேன். அந்த ரசீதைப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

மொய்யில் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. திருப்பிச் செய்ய முடியாமல் மூணு வட்டிக்கு வாங்கிப் போட்டு, கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்குப் போன குடும்பம் நம் தெருவிலேயே உண்டு. மொய்ப் பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள், ஆனால் "இன்னும் செய்யலையே" என்று பந்தியில் ஒருத்தி பார்க்கிற பார்வை வட்டியைவிட மோசம். பிளக்ஸ் போர்டு, கிடாக் கணக்கு எல்லாம் எனக்கும் பிடிக்கவில்லை. நாம் இனி விருந்து வைக்க வேண்டாம் என்று நீ சொன்னால் சரி என்பேன்.

ஆனால் மேலத்தெரு மாமாவை நினைத்துக்கொள். 2018 ஆடியில் நம் இரண்டாவது விருந்துக்கு அவர் வரவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். நமக்கு ஐயாயிரம் செய்ய வேண்டியவர். நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. நம் கொல்லையில் 82 தென்னையில் 11தான் நின்றது, அவருக்கு அதுகூட இல்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து, கரண்ட் இன்னும் வராத ஒரு ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். பால் இல்லை, கடுங்காப்பிதான் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பத்தாயிரத்து ஒன்றை எடுத்து வைத்து, "நோட்டை எடுங்க, எழுதிக்கங்க" என்றார். அப்பா, "இப்ப எதுக்கு, அடுத்த விருந்துல பாத்துக்கலாம்" என்று தள்ளினார். "விருந்து வைக்கிற நெலமையிலயா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவரே பேனாவை எடுத்துக் கொடுத்தார். விருந்தே இல்லாமல் வைத்த மொய் நம் நோட்டில் அது ஒன்றுதான். அவரும் நீ சொன்ன மாதிரி கூப்பிடாமல் கொண்டுவந்து கொடுத்தவர்தான். ஆனால் பழைய ஐயாயிரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, புதிதாக ஐயாயிரத்து ஒன்று போட்டுவிட்டுப் போனார்.

கொரோனா, மகள் கல்யாணம் என்று தள்ளித் தள்ளிப் போய், வருகிற ஆடியில்தான் அவர் வீட்டில் விருந்து. பழைய ஐயாயிரத்து ஒன்று நாம் செய்ய வேண்டியது. புதிதாக எவ்வளவு போடுவது, யார் பேரில் எழுதுவது என்று நீ சொல். பணத்தை ஜீபேயில் எனக்கு அனுப்பிவிடு, நான் நோட்டாக எடுத்துக்கொண்டு போகிறேன். ஒத்தை ரூபாய் என்னிடம் இருக்கிறது.

அம்மா