பூஜ்யமாக்கிய ஒரு வரி

ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, எண்ணியல் முறைகள் பாடத்தின் ஒப்படைப்பைப் பற்றி நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. கணினி தந்த விடையில் வேதிப்பொருளின் செறிவு மைனஸில் வந்ததென்றும், 'பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமென்று வைத்துக்கொள்' என்று நிரலில் ஒரு வரியைச் சேர்த்தவுடன் வரைபடம் அழகாக வந்துவிட்டதென்றும், அப்படியும் நூற்றுக்கு 46தான் கிடைத்ததென்றும் சொன்னாய். மதிப்பெண்ணைப் பற்றி அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை. இரண்டு ஆண்டு தேசிய சேவையை முடித்துவிட்டு, கைவிட்டுப்போன கணிதத்தை மீண்டும் பிடித்துக்கொண்டு, மான்செஸ்டரில் வேதிப் பொறியியலில் இரண்டாம் ஆண்டுவரை நீ வந்திருப்பதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நீ சேர்த்த அந்த ஒரு வரி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேரில் சொன்னால் 'சரிம்மா' என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பிறப்பதற்கு முன், 2001இல், ஜூரோங் தீவில் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. ஏழு தீவுகளைக் கடலைத் தூர்த்து ஒன்றாக்கும் பணி அப்போது முடிந்திருக்கவில்லை. இரவு ஷிஃப்டில், கரைப்பானில் எவ்வளவு நீர் கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கார்ல் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட முறை அது. இன்றும் உலகம் முழுவதும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கருவி மின்னோட்டத்தால் அயோடினை உண்டாக்கும். ஒரு மூலக்கூறு அயோடின் ஒரு மூலக்கூறு நீரோடு வினைபுரியும். எவ்வளவு மின்னோட்டம் செலவாயிற்று என்பதைக் கொண்டு நீரின் அளவைக் கணக்கிடலாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரம் சிறிது சிறிதாகக் கலனுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவை 'டிரிஃப்ட்' என்போம். நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அதை அளந்து பதிவு செய்துவிட்டால், ஒவ்வொரு விடையிலிருந்தும் கருவி அதைக் கழித்துக்கொடுக்கும்.

அன்று பின்னிரவில் ஒரு மாதிரிக்கு விடை மைனஸ் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அளவு) என்று வந்தது. நீர் பூஜ்யத்துக்குக் குறைவாக இருக்க முடியாதே என்று நினைத்து, அறிக்கையில் 0 என்று எழுதினேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சீன அம்மையார் எனக்கு மேலதிகாரியாக இருந்தார். கருவி அச்சிட்ட சீட்டையும் என் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கு முன் செய்த ஏழு மாதிரிகளின் விடைகளையும் எடுத்துவரச் சொன்னார். அவை 12, 9, 15 என்று எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் இருந்தன. அவர் அவற்றையும் நம்பவில்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. வினைபொருளை மாற்றுவதற்காக மாலையில் கலனைத் திறந்து மூடியபின், உள்ளே புகுந்த ஈரம் வற்றுவதற்குள் நான் டிரிஃப்டை அளந்து, அந்தப் பெரிய எண்ணையே ஒவ்வொரு விடையிலிருந்தும் கழிக்கவேண்டிய நிலையான அளவாகப் பதிவு செய்திருந்தேன். நேரம் ஆக ஆகக் கலன் உலர்ந்து உண்மையான கசிவு குறைந்துவிட்டது. கழிக்கும் அளவு மட்டும் குறையவில்லை. ஆகவே ஏழு விடைகளும் உண்மையைவிடக் குறைவாகவே வந்திருந்தன. எட்டாவது மாதிரி எல்லாவற்றையும்விட உலர்ந்தது என்பதால், அதில் மட்டும் பிழை பூஜ்யத்துக்குக் கீழே தலைகாட்டியது. விடியும்வரை எட்டையும் திரும்பச் செய்தோம். அவற்றில் இரண்டு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன.

அந்த மைனஸ் 4 வராமல் இருந்திருந்தால் அந்த இரண்டும் அப்படியே உற்பத்திக்குப் போயிருக்கும். எட்டு விடைகளில் தவறை ஒளிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். நான் அழித்ததும் அதைத்தான்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நீ அனுப்பிய நிரலைப் படித்துப் பார்த்தேன். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த காலத்தில் எங்களுக்கு இவ்வளவு கணிதம் இல்லை. ஜூரோங் வட்டார நூலகத்திலிருந்து ஒரு பாடநூலை எடுத்துவந்து மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். உன் ஒப்படைப்பில் முதல் பொருள் இரண்டாவதாக மாறுவது வேகமான வினை, அதன் மாறிலி நொடிக்கு 10. இரண்டாவது மூன்றாவதாக மாறுவது மெதுவான வினை, அதன் மாறிலி நொடிக்கு 0.01. மெதுவான வினையைப் பத்து நிமிடம் தொடர வேண்டியிருந்ததால் கால் நொடிக்கு ஒரு படி என்று வைத்திருக்கிறாய். ஆய்லர் முறையில், அதாவது படியின் தொடக்கத்தில் உள்ள வேகமே படி முழுவதும் நீடிப்பதாக வைத்துக்கொண்டு, முதல் படியை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கையால் போட்டேன். முதல் பொருள் 1 என்று தொடங்கினால், கால் நொடியில் கழிவது 10 பெருக்கல் 1 பெருக்கல் 0.25, அதாவது 2.5. மிஞ்சுவது மைனஸ் 1.5. இருப்பது ஒன்று, செலவு இரண்டரை.

உன் வரைபடத்தில் முதல் பொருளை மட்டும் வரைந்திருக்கிறாய். பக்கத்துப் பத்தியைப் பார்த்தாயா? கழிந்த 2.5 அப்படியே இரண்டாவது பொருளில் சேர்ந்திருக்கிறது. நீ கைவைப்பதற்கு முன் இரண்டையும் கூட்டினால், மைனஸ் 1.5உம் 2.5உம் சேர்ந்து சரியாக 1 வருகிறது. முறை தவறான பாதையில் போனாலும் பொருண்மையை அழியாமல் காப்பாற்றியிருக்கிறது. மைனஸைப் பூஜ்யமாக்கிய உன் வரிக்குப் பிறகு கூட்டினால் 2.5 வருகிறது. ஒரு மோலைக் கலனில் போட்டு இரண்டரை மோலை வெளியே எடுத்திருக்கிறாய். பொருண்மை புதிதாகத் தோன்றாது, அழியாது என்று லவாய்சியே 1789இல் நிலைநாட்டியதை ஒரே வரியில் கலைத்துவிட்டு, அதன் பிறகு பத்து நிமிடத்துக்கான அத்தனை எண்களையும் அந்தப் பொய்யின்மேல் கட்டியிருக்கிறாய். உன் ஆசிரியர் மதிப்பெண்ணை எங்கே குறைத்தார் என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் மைனஸ் வந்ததற்காகக் குறைத்திருக்க மாட்டேன். இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காததற்காகக் குறைத்திருப்பேன். வேதியியல் வகுப்பில் பொருண்மைச் சமநிலையை நீ தூக்கத்தில்கூடச் சொல்வாய். கணினியின் முன் உட்கார்ந்ததும் அது வேறொரு பாடமாகிவிட்டது.

வேதியியல், கணிதம், கணினி என்னும் மூன்று பாடங்கள் மூன்று அட்டவணைகளில், மூன்று கட்டடங்களில் நடப்பதால் அவை மூன்று என்று தோன்றுகிறது. நீ இருக்கும் ஊரே அப்படி இல்லை என்பதை உனக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜார்ஜ் டேவிஸ் 1887இல் பன்னிரண்டு சொற்பொழிவுகளாக வேதிப் பொறியியலை ஒரு தனித்துறையாக வகுத்துக்காட்டியது மான்செஸ்டரில்தான். நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு இயங்கிய முதல் கணினி, 1948 ஜூன் 21 அன்று, முதன்முதலாக ஒரு நிரலை ஓட்டியதும் அங்கேதான். சாக்வில் பூங்காவில் கையில் ஓர் ஆப்பிளுடன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிலையோடு படம் எடுத்து அனுப்பினாயே, அந்தக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இரண்டு வேதிப்பொருள்கள் வினைபுரிந்துகொண்டே பரவும்போது புள்ளிகளும் கோடுகளும் எப்படித் தாமாகவே உருவாகும் என்று காட்டினார். வினை வேதியியலுடையது, சமன்பாடு கணிதத்துடையது, ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுக் கொடுத்தது பல்கலைக்கழகத்தின் கணினி. அந்தக் கட்டுரையை எந்தக் கட்டடத்தில் வைப்பாய்?

உன் சிக்கலுக்குப் பெயர் வைத்ததும் அதே 1952ஆம் ஆண்டில்தான். கர்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் என்னும் இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள், வேதிவினைகளின் வேகத்தைக் கணக்கிடும்போது இதே இடத்தில் முட்டிக்கொண்டு, இத்தகைய சமன்பாடுகளை 'விறைப்பானவை' என்று அழைத்தார்கள். வேகமான வினை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோகிறது. ஆனாலும் எத்தனை சிறிய படி வைக்க வேண்டும் என்பதைக் கடைசிவரை அதுதான் தீர்மானிக்கிறது. உன் கணக்கில் படி 0.1 நொடியைத் தாண்டினால் விடை மைனஸுக்குப் போகும், 0.2ஐத் தாண்டினால் ஒவ்வொரு படியிலும் பெருகிக்கொண்டே போகும். நான் தொடர்ந்து போட்டுப் பார்த்தேன்: 1, மைனஸ் 1.5, 2.25, மைனஸ் 3.375. உன் நண்பன் 'முறையை பிடிஎஃப் என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும்' என்று சொன்னதாகச் சொன்னாயே, அந்த பிடிஎஃப் (BDF, பின்னோக்கிய வேறுபாட்டு முறை) அந்த இருவரின் கட்டுரையிலிருந்து வளர்ந்த முறைதான். நண்பன் சொன்னது சரி. ஆனால் எதை மாற்றுகிறாய் என்று தெரியாமல் மூன்றெழுத்தை மாற்றுவதும் பூஜ்யம் போடுவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

அதன் மிக எளிய வடிவத்தை, பின்னோக்கிய ஆய்லர் முறையை, நானே போட்டுப் பார்த்தேன். படியின் தொடக்கத்தில் இருக்கும் செறிவைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடாமல், படியின் முடிவில் இருக்கப்போகும் செறிவைக் கொண்டு கணக்கிட வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு படியிலும் 3.5ஆல் வகுத்தால் போதும்: 1, 0.286, 0.082, 0.023. மைனஸ் எங்குமே வராது. இங்கேதான் நீ இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கால் நொடி முடிவில் உண்மையான விடை 0.082, இந்த முறை தந்ததோ 0.286, மூன்று மடங்குக்கும் மேல். என் ஏழு மாதிரிகளைப் போல, பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத தவறான விடை அது. படியைப் பாதியாக்கினால் 0.198, இன்னும் பாதியாக்கினால் 0.143. படியைக் குறைக்கக் குறைக்க விடை நகர்ந்துகொண்டிருக்கிறது என்றால் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். வேகமான வினையின் அந்த முதல் நொடி உனக்கு வேண்டாமென்றால் இந்தப் பிழை பெரிதாகப் பாதிக்காது, வேண்டுமென்றால் பாதிக்கும். எது வேண்டும் என்பதைக் கணினி சொல்லாது, வேதியியல் தெரிந்தவன்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் டி2 என்ற சிறிய ஆலையில் ஒரு கலன் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள். எங்கள் பாதுகாப்புப் பயிற்சியில் அதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். உரிமையாளர்களில் ஒருவர் வேதியியல் படித்தவர், மற்றவர் வேதிப் பொறியியல் படித்தவர். ஒரு லிட்டர் கலனில் சோதித்த வினையை ஒன்பதாயிரம் லிட்டருக்கும் பெரிய கலனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நீளம் இருபது மடங்கானால் கொள்ளளவு எண்ணாயிரம் மடங்காகும், வெப்பத்தை வெளியேற்றும் சுவரின் பரப்போ நானூறு மடங்குதான் ஆகும். குளிர்விக்கும் நீர் நின்றபோது வெப்பநிலை ஏறியது. ஏறிய வெப்பநிலை வினையை இன்னும் வேகமாக்கியது. 199 டிகிரியைத் தாண்டியதும் சோடியத்துக்கும் கரைப்பானுக்கும் இடையே அவர்கள் அறிந்திராத இரண்டாவது வினை தொடங்கிவிட்டது. வெப்பநிலை ஏறினால் வினையின் வேகம் எவ்வளவு ஏறும் என்று காட்ட அரீனியஸ் 1889இல் எழுதிய சமன்பாட்டை நீ எத்தனையோ முறை போட்டிருப்பாய். கிளர்வாற்றல், அதாவது வினை நடக்கத் தாண்டவேண்டிய ஆற்றல், மோலுக்கு 50 கிலோஜூல் என்றால், 25 டிகிரியிலிருந்து 35க்குப் போகும்போது வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். வெப்பம் பிறப்பது அடுக்குக்குறியாக ஏறுகிறது, வெளியேறுவது நேர்கோட்டில்தான் ஏறுகிறது. விசாரணைக்குப் பிறகு, இத்தகைய வினை அபாயங்களை இளங்கலை வேதிப் பொறியியல் பாடத்திட்டத்தில் சேர்க்கவேண்டுமென்று அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. உன் இரண்டாம் ஆண்டுப் பாடம் எங்கே போய் முடிகிறது என்பதை அந்தப் பரிந்துரையில் நான் பார்க்கிறேன்.

கணினியியலுக்கு மாறிவிடலாமா என்று கேட்டாய். மாறுவதென்றால் மாறு; அப்பாவும் நானும் தடுக்கமாட்டோம். ஆனால் இந்த ஒப்படைப்பை வைத்து முடிவு செய்யாதே. அங்கே போனாலும் எண்கள் மைனஸில் வரும். 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும் கணினியைத்தான் அங்கும் பயன்படுத்துவாய்.

நாள்காட்டித் தாளைப் படம் பிடித்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உன் நிரலிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, மூன்று பொருள்களின் கூட்டுத்தொகைக்கு நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, படியை 0.25, 0.125, 0.0625 என்று மாற்றி ஓட்டிப் பார். மெதுவான வினையையும் சேர்த்துக் கையால் போட முயன்றேன். மூன்றாவது படியில் என் கூட்டுத்தொகை 1க்குப் பதிலாக 0.98 வந்துவிட்டது. எங்கே தவறினேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நீ முதலில் கண்டுபிடித்தால் எழுது.

அன்புடன்,
அம்மா